மெட்டாலிகாவின் 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் கிட்டாரை அடக்கியது யார்?

வெண்மணல் எழுதியது:

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவின் ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறேன். முதல் மூன்றும் முடிந்து 1988இல் வந்த நான்காவது ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' தொடங்கியதும் ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. கிட்டார்கள் இருக்கின்றன, டிரம்ஸ் காதில் ஆணி அறைகிறது, அடியில் தாழ்ந்த சுரம் தரும் பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை. வேறு ஸ்பீக்கரில் போட்டேன், அதே வெறுமை. தேடிப் பார்த்தால், "புதிதாகச் சேர்ந்த பேஸ் கலைஞரைப் பழிவாங்கினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிக்குச் சான்றிதழ் பெற்ற ஆல்பம் இது. அதில் ஒரு வாத்தியத்தையே காணோம் என்றால் யாரும் தடுக்கவில்லையா? விவரம் அறிந்தவர்கள் விளக்குங்கள்.

கேசட்காலம் எழுதியது:

உங்கள் ஹெட்ஃபோன் மீது பழியில்லை, தம்பி. நாங்கள் இதை நகலெடுத்த கேசட்டில் கேட்ட தலைமுறை. பேஸ் இல்லாததை நகலின் குறை என்று எடுத்துக்கொண்டு, டேப் ரெக்கார்டரின் பேஸ் குமிழை முழுதாகத் திருகி வைத்திருந்தோம்.

பழிவாங்கல் கதைக்குள் போகுமுன் பின்னணி தெரிய வேண்டும். 1986 செப்டம்பர் 27 அதிகாலையில் சுவீடனில் இசைக்குழு சென்ற பஸ் கவிழ்ந்தது. பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார், வயது 24. மற்ற மூவரும் துக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் ஜேசன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டு மேடையேறிவிட்டார்கள். அவர் அதற்குமுன் ஃப்ளாட்ஸம் அண்ட் ஜெட்ஸம் என்ற குழுவில் பாடல் எழுதும் முக்கிய ஆளாக இருந்தவர். மெட்டாலிகாவின் பரம ரசிகரும்கூட.

1988 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த டென்மார்க்காரர் ஃப்ளெமிங் ராஸ்முசென் உடனே வர இயலாத நிலை. அதனால் மைக் கிளிங்கை அழைத்தார்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். சில வாரங்கள் ஓடின, ஒத்துவரவில்லை. டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் மறுபடி ராஸ்முசெனையே கூப்பிட, அவர் வந்து வேலையைக் கையில் எடுத்தார். கிளிங்க் பதிவு செய்த டிரம்ஸ் இரண்டு பாடல்களில் மட்டும் மிஞ்சியது.

மே மாதத்துக்குள் பதிவு முடிந்தது. தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களை அளவு பார்த்து ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங் நடந்தது நாட்டின் மறு கோடியில், நியூயார்க் மாநிலத்தின் பேர்ஸ்வில் ஸ்டூடியோவில். செய்தவர்கள் ஸ்டீவ் தாம்ப்சனும் மைக்கேல் பார்பியரோவும். அதே கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஆல்பத்தை மிக்ஸ் செய்த இணை இவர்கள். தயாரிப்பாளர் ராஸ்முசென் அங்கே இல்லை. குழுவோ வான் ஹேலன், ஸ்கார்பியன்ஸ் முதலியோருடன் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' என்ற மைதானச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே பறந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

நாலுகம்பி எழுதியது:

பின்னணியெல்லாம் சரிதான். குற்றம் நடந்த இடத்தை மட்டும் மெல்லத் தாண்டிவிட்டீர்கள், அண்ணா.

மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்ப்சன் பல பேட்டிகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முதலில் பேஸ் நன்றாகக் கேட்கும்படிதான் வைத்திருந்தார். உல்ரிக் வந்து, பேஸைக் காதில் விழுந்தும் விழாததுமாகக் குறைக்கச் சொன்னார். குறைத்ததும், அங்கிருந்து இன்னும் சில டெசிபல் இறக்கச் சொன்னார். தாம்ப்சன் விளையாட்டு என்று நினைத்து ஹெட்ஃபீல்டைப் பார்த்தால், அவரும் தடுக்கவில்லை. டிரம்ஸின் ஒலி எப்படி அமைய வேண்டும் என்பதற்கும் உல்ரிக் தயாராகக் குறிப்பு எடுத்து வந்திருந்தாராம். இது கவனக்குறைவா? கூலிக்கு வேலை செய்பவரிடம் முதலாளி தெளிவாக இட்ட உத்தரவு.

இதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றுப்பயணங்களில் ஹோட்டல் செலவை நியூஸ்டெட்டின் அறைக் கணக்கில் எழுதுவது, முதுகுக்குப் பின்னால் கதை கட்டுவது என்று அவரைப் படுத்திய பாட்டை அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செத்துப்போன நண்பன்மேல் இருந்த துயரத்தைக் காட்ட இடமில்லாமல், அவனுடைய இடத்துக்கு வந்தவன்மேல் இறக்கினார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டான 'பிளாக்கண்ட்' நியூஸ்டெட்டின் ரிஃபிலிருந்து, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கிலிருந்து, பிறந்தது. எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. சொந்தப் பாட்டிலேயே அவர் வாசித்தது கேட்காது. ஒரு பேஸ் வாசிப்பவனாகச் சொல்கிறேன், இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தோன்றவில்லை.

மிக்ஸிங்மேசை எழுதியது:

உத்தரவு கொடுத்தார்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த உத்தரவு வருவதற்குள் பேஸ் ஏற்கனவே பாதி தோற்றுவிட்டது என்பது என் கட்சி. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன் நான். கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பி 82 முறை. சின்ன ஸ்பீக்கரும் காதில் செருகும் ஹெட்ஃபோனும் 41ஐ ஒழுங்காகத் தருவதில்லை. நாம் 'பேஸ்' என்று கேட்பதில் பெரும்பகுதி அதன் மேற்சுரங்கள்; 82, 123, 164 என்று ஏறிப் போகிறவை. இந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியைக் கவனியுங்கள். நடு அலைவரிசையைக் குடைந்தெடுத்து, அடியையும் உச்சியையும் தூக்கி வைத்திருக்கிறார். உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கி வாசிக்கும்போது எழும் அந்தத் 'தும் தும்' விழுவது சரியாகப் பேஸின் மேற்சுரங்கள் குடியிருக்கும் இடத்தில். அதையும் ஒருமுறை வாசித்தது போதாதென்று மீண்டும் வாசித்து அடுக்கியிருக்கிறார்.

இப்போது நியூஸ்டெட்டின் பக்கம். பர்ட்டன் விரலால் வாசித்தார்; கிட்டார் ஒரு திசையில் போனால் இவர் வேறு திசையில் போவார். நியூஸ்டெட் பிக் எனும் சிறு தகடு கொண்டு வாசிப்பவர். இந்த ஆல்பத்தில் ஹெட்ஃபீல்டின் ரிஃபை அச்சுப் பிசகாமல் பின்தொடர்கிறார். ஒரே தாளம், ஒரே சுரம், ஒரே வகைத் தட்டல். இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். இதையும் அவர் தனியாகத்தான் பதிவு செய்தார். கூட இருந்தவர் ஓர் உதவி ஒலிப்பொறியாளர். தயாரிப்பாளரும் இல்லை, குழுவும் இல்லை. மேடையில் வைத்திருந்த அமைப்பையே கொண்டுவந்து, கடகடவென்று வாசித்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று, "இந்த இடத்தில் கிட்டாரை விட்டு விலகி வாசி" என்று சொல்லியிருந்தால், பிறகு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை யார் இறக்கினாலும் இவ்வளவு சுத்தமாகத் தொலைந்திருக்காது. ஹெட்ஃபீல்டின் கிட்டாரும் தன் பேஸும் ஒரே அலைவரிசைக்கு மோதிக்கொண்டன என்று நியூஸ்டெட்டே பேசியிருக்கிறார்.

ஆக, வாசிப்பை அமைத்த விதத்தில் பாதி, கிட்டார் ஒலியில் கால்வாசி, மிச்சம் அந்த உத்தரவு. உத்தரவு போட்டவர்களின் காதுகளும் அப்போது சுற்றுப்பயணத்தின் சத்தத்தில் அடிபட்டவை. செவி களைத்தவர் உச்ச அலைவரிசையைக் கூட்டச் சொல்வதை என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன்.

நாலுகம்பி எழுதியது:

இயற்பியலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி மனிதர்களை விடுவிக்கிறீர்கள். ஒரு கேள்வி: 2009இல் 'கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா' விளையாட்டு வந்தபோது 'ஒன்', 'டயர்ஸ் ஈவ்' போன்ற பாடல்களின் வாத்தியங்கள் தனித்தனித் தடங்களாக வெளியே கசிந்தன. ரசிகர்கள் பேஸ் தடத்தை மட்டும் உயர்த்தி, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டார்கள். கேட்டிருப்பீர்கள். அங்கே பேஸ் தெளிவாக நிற்கிறதே? கரைந்துபோனது என்றால் எப்படி நிற்கும்? ராஸ்முசெனும், தான் கேட்ட பேஸ் பதிவு அருமையானது என்றுதான் சொல்லிவருகிறார்.

மிக்ஸிங்மேசை எழுதியது:

கேட்டேன். பேஸ் நிற்கிறது, ஆனால் தனியாக ஒன்றும் சொல்வதில்லை. கிட்டாருக்கு அடியில் தடிமன் சேர்க்கிறது, அவ்வளவுதான். வாசிப்பு அருமை என்பதும் இதுவும் முரண் இல்லை. அந்தத் தடிமனால் ஓர் இழப்பும் இருக்கிறது. 'ஒன்' பாட்டின் பிற்பகுதியில் இரட்டை பேஸ் டிரம்மும் கிட்டாரும் இயந்திரத் துப்பாக்கிபோல் சேர்ந்து வெடிக்கும் இடத்தைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது. பேஸ் கூட்டிய வடிவத்தில் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. கைகால், கண், காது, நாக்கு எல்லாவற்றையும் போரில் இழந்து, உடலுக்குள் சிறைப்பட்ட ஒரு சிப்பாயைப் பற்றிய பாட்டு அது. அதற்கு அந்த வெறும் எலும்பு ஒலி பொருந்துகிறது என்று சொன்னால் என்னை அடிக்க வராதீர்கள். சமூகம், நீதிமன்றம், கறுப்புப் பட்டியல், எரிந்த பூமி என்று ஆல்பம் முழுக்க ஈரமில்லாத விஷயங்கள். எதிரொலி கிட்டத்தட்ட அறவே இல்லாத இந்த ஒலியைத் தவிர வேறு ஒலியில் என்னால் இதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொறுமையில்லாதவன் எழுதியது:

பேஸ், பேஸ் என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஆல்பத்தின் உண்மையான நோய் நீளம். ஒன்பது பாட்டு, 65 நிமிடம். தலைப்புப் பாட்டு ஒன்பதே முக்கால் நிமிடம். ரிஃபுக்கு மேல் ரிஃப், தாளம் மாறி, மறுபடி மாறி, எல்லாம் முடிந்தது என்று எழுந்தால் முதல் பகுதி திரும்ப வருகிறது. நாங்களும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று நிரூபிக்கும் பரீட்சை விடைத்தாள். டிரம்ஸ்கூட ஒரே மூச்சில் வாசித்ததல்ல. நல்ல துண்டுகளைப் பொறுக்கி டேப்பை வெட்டி ஒட்டியது.

இது என் தனிக் கருத்து அல்ல. தலைப்புப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசை ஆட்கள் கொட்டாவி விட்டதைப் பார்த்து, இதை இனி வாசிக்கக் கூடாது என்று முடிவெடுத்ததாகக் குழுவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹேமட்டே சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்த பிறகு 2007 வரை அது மேடையில் முழுதாக வரவில்லை. 'தி ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி' முழுப்பாட்டாக மேடையேறியது 2014இல், ஹெல்சிங்கியில். சொந்தப் பாட்டை வாசிக்க 26 ஆண்டு தயங்கிய குழுவை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மட்டுறுத்துநர் எழுதியது:

நீளம் பற்றிய சண்டைக்குத் தனி இழை ஏற்கனவே இருக்கிறது. ஆல்பத்தின் உருவாக்கமும் வரவேற்பும் தொடர்பானவை இங்கே தொடரலாம். 'பரீட்சை விடைத்தாள்' புகாராக வந்தது. அதில் விதிமீறல் இல்லை.

கேசட்காலம் எழுதியது:

வரவேற்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் சுவையே இருக்கிறது.

வானொலி அநேகமாகக் கண்டுகொள்ளாத ஒரு குழுவின் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 6ஆம் இடத்தைத் தொட்டது. அதுவரை வீடியோவே எடுக்க மாட்டோம் என்று வீம்பாக இருந்தவர்கள் 'ஒன்' பாட்டுக்கு முதன்முறையாக எடுத்தார்கள். டால்டன் ட்ரம்போ தன் நாவலைத் தானே இயக்கி 1971இல் எடுத்த 'ஜானி காட் ஹிஸ் கன்' படத்தின் காட்சிகளும், வெறிச்சோடிய கிடங்கில் குழு வாசிப்பதும் மாறி மாறி வரும். கருப்பு வெள்ளை. ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு பெண்ணின் நடனம் கிடையாது. இசை வீடியோத் தொலைக்காட்சியான எம்டிவியில் அது பெரும் வெற்றி. பழைய ரசிகர்களில் ஒரு கூட்டம் 'விலைபோய்விட்டார்கள்' என்று கூச்சலிட்டது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எப்படித்தான் அப்படிச் சொல்ல மனம் வந்ததோ.

பிறகு 1989 கிராமி, அமெரிக்காவின் பெரிய இசை விருது விழா. ஹார்டு ராக், ஹெவி மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு விருது. மெட்டாலிகா அதே மேடையில் 'ஒன்' வாசித்தது. விருது அவர்களுக்குத்தான் என்று அரங்கமே நினைத்தது. உறையைப் பிரித்த ஆலிஸ் கூப்பர் படித்த பெயர் ஜெத்ரோ டல். புல்லாங்குழலை முன்னிறுத்திய ஆங்கிலேய ராக் குழு! தங்களுக்குக் கிடைக்காது என்று நம்பி அவர்கள் நிகழ்ச்சிக்கே வரவில்லை. அரங்கில் ஊளைச் சத்தம். பின்னர் ஜெத்ரோ டல்லின் நிறுவனம், புல்லாங்குழலும் கன உலோக (ஹெவி மெட்டல்) வாத்தியமே என்று கேலியாக விளம்பரம் கொடுத்தது. மெட்டாலிகா தரப்பு தங்கள் ஆல்பத்தின்மேல் 'கிராமியில் தோற்றவர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியது. மறு ஆண்டு மெட்டலுக்குத் தனி விருது பிரிக்கப்பட்டு, 'ஒன்' பாட்டுக்கே கிடைத்தது. 1992இல் மீண்டும் வென்றபோது, இந்த ஆண்டு ஆல்பம் வெளியிடாததற்காக ஜெத்ரோ டல்லுக்கு நன்றி என்றார் உல்ரிக். மூன்று ஆண்டு மனத்தில் வைத்திருந்து அவிழ்த்த குறும்பு.

இத்தனை ஆரவாரத்திலும் பேஸ் காணாமல் போனது பெரிய செய்தியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகம், சிக்கல், கோபம் ஆகியவைதான் பேச்சு. நல்ல ஹெட்ஃபோனும் இணையமும் பெருகிய பிறகு வலுத்த குற்றச்சாட்டு இது.

வெண்மணல் எழுதியது:

இவ்வளவும் ஒரே நாளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மீதி: எட்டாவது பாட்டு 'டு லிவ் இஸ் டு டை'. பர்ட்டன் நினைவாகச் செய்தது என்று படித்தேன். அதிலுமா பேஸை அடக்கினார்கள்? மேலும், 2018இல் மறுபதிப்பு வந்ததே, அதை வாங்கினால் குறை தீருமா?

நாலுகம்பி எழுதியது:

அதிலும்தான். பர்ட்டன் விட்டுச்சென்ற ரிஃப்களைக் கோத்து உருவான பாட்டு. எழுதியவர்களில் அவர் பெயரும் உண்டு. நடுவில் ஹெட்ஃபீல்டு பேச்சாகச் சொல்லும் நாலு வரிகளைத் தவிர முழுக்க வாத்திய இசை. மெட்டல் உலகம் கண்ட மிகச் சிறந்த பேஸ் கலைஞர்களில் ஒருவருக்கு ஒன்பதே முக்கால் நிமிட அஞ்சலி. அதில் பேஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிக்ஸிங்மேசை அவர்கள் எத்தனை அதிர்வெண் கணக்குக் காட்டினாலும், அந்த ஒரு பாட்டின் முன்னால் என் மனம் சமாதானமாகாது. அந்த இடத்தை வேறு ஒருவர் நிரப்புவதைக் கேட்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மிக்ஸிங்மேசை எழுதியது:

அந்தப் பாட்டைப் பொறுத்தவரை உங்களுடன் வாதாட மாட்டேன்.

ஊசிமுனை எழுதியது:

மறுபதிப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இசைத்தட்டு சேர்ப்பவன். 2018 பதிப்பு ரீமாஸ்டர், ரீமிக்ஸ் அல்ல. மிக்ஸ் செய்து முடித்த இரு தட ஒலியைத் துலக்கியிருக்கிறார்கள். அந்த ஒலிக்குள் பேஸின் அளவு 1988இல் என்னவோ அதுவேதான். மறுமிக்ஸ் கேட்டு ரசிகர்கள் எவ்வளவோ மன்றாடினார்கள். அந்தக் காலத்தின் ஆவணம் அப்படியே இருக்கட்டும் என்பது குழுவின் நிலை. பெட்டியாக வந்த விலையுயர்ந்த பதிப்பில் ஒத்திகைப் பதிவுகளும் கரட்டு மிக்ஸ்களும் உண்டு. பாட்டு எப்படி வளர்ந்தது என்று அறிய நல்லது. பேஸுக்காக மட்டும் காசைக் கரைக்காதீர்கள்.

இசைத்தட்டில் கேட்பதானால் இன்னொரு சிறு தகவல். 65 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும் என்பதால் முதலிலிருந்தே இது இரட்டைத் தட்டு. அதனால் பக்கத்துக்கு இரண்டு, மூன்று பாட்டுதான். பொறுமையில்லாதவனுக்கும் அது உகந்த ஏற்பாடு. நடுநடுவே எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வரலாம்.

பொறுமையில்லாதவன் எழுதியது:

எழுந்தால் திரும்பி வர மாட்டேன். போய் 1991 ஆல்பத்தைப் போடுவேன். பாப் ராக் என்பவர் தயாரிப்பாளராக வந்தார், பாட்டுகள் சுருங்கின, பேஸ் வயிற்றில் இறங்கியது. இந்த ஆல்பத்தின்மேல் அவர்களே எழுதிய விமர்சனம் அதுதான்.

கேசட்காலம் எழுதியது:

வெண்மணல் தம்பிக்கு ஒரு வழி. 1993இல் வந்த மேடைப்பதிவுப் பெட்டித் தொகுப்பில் 1989 ஆகஸ்டு சியாட்டில் நிகழ்ச்சியின் வீடியோ உண்டு. இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் அது. பின்னால் நீதிதேவதைச் சிலை நிற்கும்; 'டோரிஸ்' என்று அதற்குச் செல்லப்பெயர்; நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அதைச் சரித்து உடைப்பார்கள். 'பிளாக்கண்ட்' பாட்டில் தொடங்குங்கள். அங்கே ஃபேடரைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. நியூஸ்டெட் வாசிப்பது கேட்கிறது, பக்கக் குரலில் அவர் உறுமுவதும் சேர்த்து.

மிக்ஸிங்மேசை எழுதியது:

வழிமொழிகிறேன். 'பிளாக்கண்ட்' நடுவில் வேகம் பாதியாகக் குறையும் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஸ்டூடியோப் பதிவில் கிட்டார் மட்டும் நடந்துபோகும் இடம் அது. சியாட்டிலில் கீழிருந்து பேஸ் தள்ளுகிறது.

நாலுகம்பி எழுதியது:

பார்த்தீர்களா, தனியாக ஒன்றும் சொல்வதில்லை என்றீர்கள்!